தர்க்கில்பி என்ற பெயரோடு போகாதே

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயும் லீனேயும் எங்கள் எஸ்பியர்க் வீட்டுக் குசினியில் இருந்து சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனீர்கள். நீ நலமாகத்தான் இருக்கிறாய். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. நீ கொழும்புக்குப் போகிற கதையை எடுத்தபோதெல்லாம் நான் எழும்பிப் போய்க் கோப்பை கழுவியதை நீ கவனித்திருக்க மாட்டாய். லீனே கவனித்தாள். வாசலில் சப்பாத்துப் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ டெனிஷில் பயத்தைச் சொல்லத் தெரியாது. முதியோர் இல்லத்தில் யாருக்கு எங்கே நோகிறது, யார் மருந்தைத் துப்பினார் என்றெல்லாம் அந்தப் பாஷையில் நாள் முழுக்கக் கதைக்கிறேன். என் சொந்தப் பயம் என்று வந்தால் தமிழ்தான் வாயில் வந்து நிற்கிறது.

ஆகவே எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாக வாசி, அது நல்லதுதான். வாயால் சொன்னால் இரண்டாவது வசனத்திலேயே “சும்மா இருங்கோ அம்மா” என்பதை டெனிஷில் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி அடைக்க முடியாது.

சுற்றி வளைக்காமல் முதலே கேட்டுவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நகரசபையில் உங்களுடைய கலியாண எழுத்து. மாதக் கடைசியில் உனக்கு விமானம். இந்த டென்மார்க் நாட்டுச் சட்டப்படி கலியாணம் செய்கிறவர் மற்றவரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். நீ லீனேயின் பெயரை எடு. சோரன்சன் என்று எழுதிக் கையெழுத்து வை. பாஸ்போட்டை அந்தப் பெயருக்கு மாற்று, விமானச் சீட்டையும் மாற்று. பாஸ்போட் வரப் பிந்தினால் பயணத்தைப் பிந்திப் போடு. தர்க்கில்பி என்ற பெயரோடு அந்த நாட்டில் போய் இறங்காதே. போகாதே என்று உன்னைத் தடுத்துப் பார்த்தேன், நீ கேட்கவில்லை. இப்போது இதை மட்டும் கேட்கிறேன்.

உன் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடிகிறது. இந்தப் பெயரைப் பற்றி உன் அப்பா உனக்குத் தாலாட்டுப் போலச் சொல்லி வளர்த்திருக்கிறார். போன வருடம் லீனேயின் வீட்டில் நடந்த முதல் விருந்தை நினைத்துப் பார். அவளுடைய அப்பா சரித்திரம் படிப்பிக்கிற வாத்தியார் அல்லவா, எங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். சூப் ஆறுகிற வரைக்கும் அதைத்தான் பேசினார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போன டேன்காரர் இங்கிலாந்தின் வடக்கே குடியேறினார்கள். அதில் தொர்கில் என்ற ஒருவன் காணி பிடித்த இடம் தொர்கில் பி, அதாவது தொர்கிலின் ஊர். வெள்ளைக்காரன் வாயில் அது தர்க்கில்பி ஆனது. அந்த ஊரிலிருந்து கிளம்பிய குடும்பத்துக்கு அதுவே குடும்பப் பெயர் ஆனது. இன்றைக்கு இங்கிலாந்திலேயே அந்தப் பெயர்க்காரர் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இப்படிச் சொல்லிவிட்டு அந்த மனிதர் எழும்பி உன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள், நல்வரவு என்றார். உன் அப்பாவுக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. மீன் தொழிற்சாலையில் ஐஸ் தண்ணீருக்குள் கை விறைக்க நின்ற மனிதன், அந்த ஆயிரம் வருடமும் தனக்காகவே நடந்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். திரும்பி வரும்போது காரில் பாட்டுக்கூடப் பாடினார். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அந்தப் பெயர் எங்களிடம் வந்த கதையையும் அப்பா சொல்லித்தான் நீ கேட்டிருப்பாய். அவர் சொல்கிற விதம் வேறு. நான் மருமகளாக வந்தவள். வெளியே நின்று பார்த்தவளுக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். உன் அப்பாவின் முப்பாட்டனுக்கும் முந்திய ஒருவர், கதிரன் என்று பெயர், வேலனின் மகன். யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி வீடு வீடாகப் புகுந்த காலம் அது. வேலனுக்குப் பெண்சாதியும் மற்றப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். மிஞ்சியது இந்த ஒன்று. மிசன்காரர் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் மருந்தும் கிடைத்தது. வேலன் மகனைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டார். அந்த விடுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடல் கடந்து யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமான் அல்லது சீமாட்டி செலவு கொடுப்பார். கொடுக்கிறவரின் பெயரைப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்துவிடுவார்கள். அதுதான் வழக்கம். எங்கள் ஊர்ச் சவக்காலையில் கறுத்த மனிதரின் கல்லறைகளில் எல்லாம் வெள்ளைக்காரப் பெயர் இருப்பது அதனால்தான். கதிரனுக்குச் செலவு கொடுத்தவர் கலியாணம் கட்டாத ஓர் ஆங்கிலச் சீமாட்டி. கதிரன் தர்க்கில்பி ஆனார்.

அவரோடு படித்த மற்றவர்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறையிலேயே பழையபடி தகப்பன் பெயரை முன்னால் வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் விடாப்பிடியாக அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் வாய்க்குள் அது நுழையவே இல்லை. தபால்காரரிலிருந்து தேத்தண்ணிக் கடைக்காரர் வரை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிப் பகிடி பண்ணினார்கள். கலியாணம் பேசி வந்தபோது என் தமையன்மார் என்னைப் பிரித்தானிய மகாராணி என்று கூப்பிட்டார்கள். இலங்கை முழுவதிலும் இந்தப் பெயரோடு ஒரே ஒரு குடும்பம்தான் என்று உன் அப்பா முதல் சந்திப்பிலேயே பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது, எங்கள் மூதாதையைத் தெரிந்தெடுத்தார்கள் என்பார், படிக்க வைத்தார்கள் என்பார். வேலனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மகனை விடுதி வாசலில் விட்டுவிட்டு அந்த மனிதன் எப்படி வீட்டுக்கு நடந்து போயிருப்பார் என்று இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. தன் பெயர் மகனோடு போகாது என்று தெரிந்துதான் விட்டார். பயம், தம்பி. வேறொன்றும் இல்லை. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், என்ன பெயர் சொல்லியும் கூப்பிடட்டும் என்று நினைத்த ஒரு தகப்பனின் பயத்தில்தான் இந்தப் பெயர் எங்களிடம் வந்தது. இந்த வைகாசியிலிருந்து எனக்கு அந்த மனிதனின் நினைவாகவே இருக்கிறது.

எண்பத்து மூன்று யூலையை அப்பா உனக்குச் சொல்லியிருக்கிறார். கொழும்பில் கந்தோரில் இருந்து வரும்போது ரோட்டில் தமிழரைத் தேடிய கூட்டம் மறித்தது. பெயர் என்ன என்று கேட்டார்கள். தர்க்கில்பி என்றார், ஆங்கிலத்திலேயே இரண்டு வார்த்தை கோபமாகப் பேசினார். வெள்ளைக்காரக் கலப்பில் வந்த பறங்கி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பின்னால் வந்தவரிடம் அப்படி ஒரு பெயர் இருக்கவில்லை. அந்தப் பின்னால் வந்தவரைப் பற்றி அப்பா இன்றைக்கும் பேசமாட்டார். ஆனால் அந்த நாளிலிருந்து இந்தப் பெயர் அவருக்கு ஒரு கவசம். ஆண்டவர் முன்கூட்டியே பார்த்து, ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் கையால் தனக்கு அனுப்பி வைத்தது என்று நம்புகிறார். நான் அந்த நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் நீ பிறந்திருக்க மாட்டாய்.

உனக்கு அவர் சொல்லாதது மற்றது. எங்களுக்குக் கலியாணம் நடந்து சில மாதங்கள். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஆமி மறித்து எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர் சிவகுமார். அந்தச் சிப்பாய் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. எத்தனை ஆயிரம் சிவகுமாரை அவன் பார்த்திருப்பான். அடுத்தது அப்பா. சிப்பாய் ஒருமுறை வாசித்தான், திரும்பவும் வாசித்தான், பிறகு தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அப்பாவின் பெரியப்பா மகன் ஒருவரை அவர்கள் அப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் எந்த இயக்கத்தோடு, என்ன செய்தார் என்று எங்களுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அவரும் தர்க்கில்பி. எங்கள் பெயர் வேறு யாருக்கும் இல்லை என்பது அந்த மேலதிகாரிக்கும் தெரிந்திருந்தது. “இது உன்ர ஆள்தானே?” என்று தமிழிலேயே கேட்டான். இல்லை என்று அப்பாவால் எப்படிச் சொல்ல முடியும்?

அப்பாவை அவர்கள் கொண்டுபோனார்கள், பஸ் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு நான் ஆமி முகாம் வாசலில் நின்ற நாட்களை எண்ணவில்லை, எண்ண வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் போவேன், பொழுது சாயத் திரும்புவேன். உள்ளே ஒரு வாகனம் போனாலும் வெளியே ஒரு வாகனம் வந்தாலும் எட்டிப் பார்ப்பேன். அப்பா வெளியே வந்தபோது என்னைத் தாண்டி நடந்து போனார். என்னை அடையாளம் தெரியவில்லை. அவருடைய இடது காது இப்போதும் சரியாகக் கேட்காது. நீ சின்னப் பிள்ளையில் அந்தக் காதுப் பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, அப்பா பதில் சொல்கிறாரில்லை என்று அழுவாய். மிசினுக்குப் பக்கத்தில் வேலை செய்ததால் அப்படி என்று உனக்குச் சொல்லி வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் நாடு விட்டோம். நீ இங்கே, ஸ்கீவவில் பிறந்தாய். அங்கே எங்களைப் போல வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு எல்லாம் பெயரால் ஒரே கரைச்சல். புருசனுக்கு ஒரு குடும்பப் பெயர், பெண்சாதிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று இருந்தது. கொம்யூனில் பெயர் பதிகிற பெண்மணிக்குத் தலை சுற்றியது. அவரவர் தகப்பன் பெயரைத்தான் எழுதுவோம் என்று விளக்கி விளக்கிக் களைத்துப் போனார்கள். எங்களுக்கு மட்டும் அந்தக் கரைச்சல் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே குடும்பப் பெயர், அதுவும் அந்தப் பெண்மணியால் உச்சரிக்கக்கூடிய ஒன்று. அப்பா மற்றவர்களுக்கு முன்னால் கொஞ்சம் மிதப்பாகவே நடந்தார். எனக்கும் மெல்ல மெல்லப் பயம் தெளிந்தது. இங்கே பொலிஸ் என்றால் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சைக்கிள் ஓட்டப் பழக்கிவிட்டு, கை தட்டிச் சிரித்துவிட்டுப் போகிற ஆள். நீ அப்படித்தான் சீருடையைப் பார்த்து வளர்ந்தாய். அதுதான் இப்போது எனக்குப் பயம். உன்னை மறிக்கிறவனை நேராகக் கண்ணில் பார்த்து, ஏன் என்று கேட்பாய். உன் பெயர் என்ன என்று அவனிடம் கேட்டாலும் கேட்பாய். அங்கே அப்படிக் கேட்காதே, ராசா. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். பாஸ்போட்டில் பிறந்த இடம் ஸ்கீவ என்று இருக்கிறது, அது நல்லது. இயன்றவரை தமிழ் தெரியாதவன் மாதிரி இரு. உன் தமிழைக் கேட்கிறவனும் அதை நம்புவான்.

இனிச் சித்தப்பாவின் கதைக்கு வருகிறேன். அப்பாவின் ஒரே தம்பி ஞானசேகரத்தை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். வன்னியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மனைவி முந்தியே தவறிவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். மாசி மாதம் கடைசியாகத் தொலைபேசியில் வந்தபோது, சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூத்தவளை இயக்கம் கொண்டுபோய்விட்டது என்றார். அவள் படிக்கிற பிள்ளை, ஆர்மோனியம் வாசிப்பாள். பிறகு லைன் அறுந்துவிட்டது. வைகாசியில் சண்டை எல்லாம் முடிந்தது. மிஞ்சின சனத்தை வவுனியாப் பக்கம் முகாம்களில் கம்பி வேலிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவுடன் அப்பா தேடத் தொடங்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசி சூடு ஆறவில்லை.

இதில் நாங்கள் விட்ட பிழையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். நீ இருக்கிற கோல்டிங்கிலேயே உள்ள என் தமிழ்ச் சிநேகிதி ஒருத்தியின் தமையன் அந்த முகாமுக்குள் இருந்தார், அவரிடம் ஒளித்து வைத்த ஒரு கைத்தொலைபேசி இருந்தது. நான் அவளிடம், தர்க்கில்பி என்று விசாரிக்கச் சொல்லுங்கோ, அப்படி ஒரு பெயர் அங்கே இரண்டாவது ஆளுக்கு இராது, உடனே பிடித்துவிடலாம் என்றேன். அப்பாவும் ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னார். ஞானசேகரம் என்றால் பத்துப் பேர் இருப்பார்கள், தர்க்கில்பி ஒருவர்தான் என்று எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. கூடாரம் கூடாரமாகக் கேட்டுவிட்டு அந்தத் தமையன் சொன்ன பதில், அப்படி ஒருவர் இல்லை. திரும்பவும் கேட்கச் சொன்னோம். திரும்பவும் இல்லை. இங்கே இருந்து இருந்து எங்களுக்கு டேன்காரரின் புத்தி வந்துவிட்டது. குடும்பப் பெயரைச் சொன்னால் ஆள் வந்துவிடும் என்று நினைத்தோம். எங்கள் நாட்டில் ஆமிக்கு முன்னால் வரிசையில் நிற்கிற தமிழன் என்ன பெயர் சொல்லுவான் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. முகாம் வாசலில் காத்து நின்ற எனக்கே மறந்துபோயிற்று.

அப்பா, தன் தம்பி செத்துவிட்டார் என்று முடிவெடுத்தார். வேலையால் வந்து குசினிக் கதிரையில் சட்டையும் மாற்றாமல் இருந்தார். போதகர் வந்து செபம் பண்ணியபோதும் தலை நிமிரவில்லை. நெஞ்சு அடைப்புக்குப் பலூன் வைத்த மனிதன், அவரையும் இழந்துவிடுவேனோ என்று நான் பயந்தேன். அந்த நேரத்தில்தான் நீ கோல்டிங்கிலிருந்து வந்து அவரைப் பார்த்துவிட்டு, நான் போய்த் தேடுகிறேன் என்று சீட்டைப் போட்டாய். அப்பா உன்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு உன் மேல் வந்த கோபத்தையும் பெருமையையும் இன்றைக்கும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் போகிறேன் என்றேன், நீ விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் காலை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், தொலைபேசி அடிக்கிறது. நீண்ட நம்பர். மறுபக்கத்தில் கனபேர் கதைக்கிற சத்தம், பிறகு மெல்லிய குரலில், “அண்ணி, நான் சேகரம் கதைக்கிறன்.” சித்தப்பாவும் சின்னவள் ரூபியும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும், அவருக்குச் சீனி வருத்த மருந்து கிடைப்பதில்லை என்பதும், எந்த முகாம் என்பதும் அப்பா உனக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்கு மாலை அப்பா எத்தனை மாதத்துக்குப் பிறகு சோறு கேட்டுச் சாப்பிட்டார் என்பதும் உனக்குத் தெரியும். அந்தச் சந்தோசத்தில்தான் நீ ஞாயிற்றுக்கிழமை, இனி நேரே போய் அவர்களுடைய அதிகாரியிடம் சித்தப்பாவின் பெயரையும் என் பெயரையும் காட்டினால் விட்டுவிடுவார்கள், ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று பாஸ்போட்டை மேசையில் தட்டினாய். நான் கோப்பை கழுவப் போனது அப்போதுதான்.

சித்தப்பா சொன்னதில் பாதியைத்தான் நான் அப்பாவுக்குச் சொன்னேன். மற்றப் பாதி இது. அவர் அங்கே செல்லத்துரை ஞானசேகரம், தகப்பன் பெயரோடு தன் பெயர். ரூபி, ஞானசேகரம் ரூபி. தர்க்கில்பி என்ற பெயர் அந்த முகாமில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. மூத்தவளைக் கொண்டுபோனவர்கள் அவளுடைய முழுப் பெயரையும் படத்தையும் எங்கோ பதிந்து வைத்திருந்தார்கள், அது இப்போது யாருடைய கையில் இருக்கிறதோ தெரியாது. அவள் இருக்கிறாளா இல்லையா என்பதும் தெரியாது. இயக்கத்துக்குப் போன பிள்ளைகளின் வீட்டாரை அங்கே தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். கூப்பிட்ட எல்லாரும் திரும்பி வரவில்லையாம். ரூபிக்குப் பதினைந்து வயது. அந்தப் பெயர் வெளியே வந்தால் அக்காவின் பெயரோடு பொருத்திவிடுவார்கள், வேறு யாருடையதோ பெயர் என்று சொல்லித் தப்ப முடியாது. எங்களுடைய ஆள் ஒருவர் கூடாரம் கூடாரமாக அந்தப் பெயரைச் சொல்லித் தேடினாரே, அந்த நாட்களில் சித்தப்பா ரூபியைப் போர்வைக்குள் மூடிப் படுக்க வைத்துவிட்டு, அப்படி ஒருவரைத் தெரியாது என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். விசாரித்தது நாங்கள்தான் என்று நான் சொன்னேன். “பறவாயில்லை அண்ணி, உங்களுக்கு எப்பிடித் தெரியும்” என்றார்.

இப்போது விளங்குகிறதா நான் ஏன் பெயரை மாற்றச் சொல்கிறேன் என்று? எனக்கு உன்னை நினைத்தும் பயம், அந்தப் பெண் பிள்ளையை நினைத்தும் பயம். நீ அந்தப் பாஸ்போட்டோடு வேலி வாசலில் நின்று ஞானசேகரம் என் சித்தப்பா என்று சொல்கிற நிமிடத்தில், அன்றைக்கு பஸ்ஸை மறித்த இடத்தில் நான் பார்த்த மாதிரி ஒருவன் ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்பவும் வாசிப்பான். உன்னை டென்மார்க் அரசாங்கம் கேட்கும், கொஞ்சம் தாமதித்தாவது கேட்கும். ரூபியை யார் கேட்பார்கள்?

ஆனால் சோரன்சன் என்ற ஒருவன் போகலாம். கலியாணம் முடித்த டேன்காரன், பெண்சாதி வீட்டுப் பெயர். யாரைப் பார்க்க வந்தாய் என்றால், அம்மா வழியில் தூரத்து உறவு என்று சொல். நான் பிறந்த வீட்டுப் பெயர் எந்தக் கடதாசியிலும் உங்கள் பெயரோடு ஒட்டவில்லை. சித்தப்பாவிடம் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லும்போது அவர் பயந்து ஒளிக்காமல் வரவேண்டுமே, அதற்கு, பரிமளத்தின் மகன் வந்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பு. எங்கள் ஆட்கள் யாருடைய பிள்ளை என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரில் அவருக்கு என்னை மட்டும்தான் தெரியும். மருந்தைக் கையில் கொடு. ரூபியை வெளியே எடுக்க வவுனியாவில் உள்ள போதகர் வழி பார்க்கிறார், அவர் சொல்கிறபடி கேள், உன் சொந்த மூளையைப் பாவிக்காதே.

அப்பாவை நினைத்து யோசிக்காதே. அவருக்குக் கோபம் வரும், அழுவார், லீனேயின் அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று கேட்பார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவரோடு இவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா? உனக்கும் ஒன்று சொல்கிறேன், கலியாணம் கட்டப் போகிறவன் கேட்டுக்கொள். லீனேயிடம் இதையெல்லாம் முழுக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு. உன் பயத்தை அவளுக்கு மறைத்து வைக்காதே. நாங்கள் ஒருவருக்கொருவர் மறைத்து மறைத்து ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம்.

இனிச் சொல்ல இருப்பது ஒன்றுதான். சித்தப்பாவுக்கு நீ வருகிறாய் என்று சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான், “அண்ணி, அவன்ர பாஸ்போட்டில எங்கட பேர் இருக்கோ?”

எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. “இல்லைச் சேகரம், அவன் கலியாணம் முடிச்சு மனிசியின்ர பேரை எடுத்திட்டான். எங்கட பேர் அவனிட்ட இல்லை” என்றேன்.

உன் அப்பாவோடு பிறந்தவர் அவர். அப்பாவைப் போலவே அந்தப் பெயரைத் தலையில் வைத்து வளர்ந்தவர், உன் பிறப்புச் செய்தி போனபோது, எங்கட பேர் டென்மார்க்கிலும் நிலைச்சிட்டுது என்று எழுதியவர். அவர் அந்தத் தொலைபேசியில் விம்மி விம்மி அழுதுகொண்டு, “ஆண்டவருக்குத் தோத்திரம், ஆண்டவருக்குத் தோத்திரம்” என்று சொன்னார். ரூபியைக் கூப்பிட்டு, அண்ணா வாறான், பயப்பிடாதை, அவனுக்கு வேற பேர் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நான் சொன்னது பொய், தம்பி. வெள்ளிக்கிழமை நீ அதை மெய்யாக்கிவிடு.

அம்மா